குளத்தில் தூண்டிலா, ஆற்றிலா?

திருநெல்வேலிப் பக்கம் தூண்டில் போடக் கிளம்புகிறவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று குளம், இன்னொன்று தாமிரபரணி. நான் ஆற்றுக்கட்சி.

குளத்தில் மீன் இல்லாமல் இல்லை. விரால் வேண்டுமென்றால் குளந்தான். அல்லி மண்டிய ஓரத்தில் சின்னத் தவளையை முள்ளில் மாட்டித் தத்தவிட்டுப் பிடிப்பார்கள். அதில் எனக்குக் கை பழக்கம் குறைவு. பழகியவரைக் கேட்டால் குளத்தைத்தான் சொல்வார்.

சிக்கல் குத்தகையில் இருக்கிறது. பெரும்பாலான குளங்களில் மீன்பாசி உரிமையை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கிக் குளத்தில் விடுகிறார். நம் தூண்டிலில் மாட்டும் ரோகு அவர் போட்ட முதல். கரையில் காவலுக்கு இருப்பவர் "யாருய்யா அது?" என்றால் நம்மிடம் பதில் கிடையாது. சில குத்தகைதாரர்கள் கைத்தூண்டிலைக் கண்டுகொள்வதில்லை. ஜிலேபிக் கெண்டை என்றால் எடுத்துட்டுப் போங்க என்பார்கள். சிலர் காசு கேட்பார்கள். எப்படியும் முதலில் அவரைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். சரி, சம்மதித்துவிட்டார் என்றே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெருகுகிற குளம் கோடையில் வற்றிவிடும். தண்ணீர் இறங்க இறங்க அவர் வலை போட்டு அரித்துவிடுவார்.

ஆற்றுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கோடையிலும் கசத்தில், அதாவது ஆற்றின் ஆழமான பள்ளத்தில், தண்ணீர் நிற்கும். கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று வரிசையாக எட்டு அணைக்கட்டுகள். அணைக்கட்டை ஒட்டித் தூண்டில் வீசுவது வீண். கொஞ்சம் கீழே, நுரை அடங்கித் தண்ணீர் தெளிகிற இடந்தான் கெண்டைக்குத் தோது. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து மொச்சையளவு உருட்டி வைத்தால் போதும். கெண்டை முதலில் மாவைக் கொத்திப் பார்க்கும், தக்கை துடிக்கும். அப்போதே இழுத்தால் மாவு போச்சு. தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக ஓடும்போது சுண்டி இழுக்க வேண்டும். மண்புழு வைத்து, ஈயம் கட்டி அடியில் விட்டால் கெளுத்தி, ஆரா கிடைக்கும். கெளுத்தியைக் கழற்றும்போது செவுளோர முள் குத்தினால் ரொம்ப நேரம் கடுக்கும்.

ஆற்றிலும் தொல்லை உண்டு. பாறை இடுக்கில் முள் சிக்கித் தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) அறுந்துகொண்டே இருக்கும். நெல்லை நகரத்தை ஒட்டிச் சாக்கடை கலக்கிறது. குழம்புக்கென்றால் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் போய்விடுவது நல்லது. பாபநாசம் கோயில் படித்துறை மீன்களுக்குப் பொரிதான் போடலாம், தூண்டில் கூடாது. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலை எடுத்துப் போகவே வேண்டாம். அப்புறம், மழை நாளில் அணை திறந்தால் ஆற்றுநடுப் பாறைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் சட்டென்று ஏறிவிடும். மேலே மலையில் கருமேகம் திரண்டாலே கரைக்கு வந்துவிடுங்கள்.