டெர்ரேரியத்துக்கு நானே செய்த ஈரப்பத சர்க்யூட்: இரண்டரை வருட அனுபவம்

மதுரையில் சித்திரை வெயிலில் மதிய நேரம் எங்கள் வீட்டுக்குள் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். என் டெர்ரேரியத்தில், அதாவது செடி வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில், இருப்பது பாசி, இரண்டு வகைப் பெரணி, ஒரு நகை ஆர்க்கிட். முழுக்க மூடிய தொட்டிக்கு எந்தக் கருவியும் வேண்டாம்; உள்ளே இருக்கும் தண்ணீரே ஆவியாகி, திரும்ப வடிந்துகொள்ளும். எனக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதால் மேலே வலை போட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த வேலையே வந்தது.

முதலில் 555 டைமரில், அதாவது நேரம் கணக்கிட்டு ஆன் ஆஃப் செய்யும் சிப்பில், ஆரம்பித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நொடி மிஸ்ட், அதாவது பனிபோல நுண்துளித் தெளிப்பு. சித்திரையில் அது போதவில்லை, ஐப்பசி மழையில் தொட்டி சொதசொதவென்று ஆகிவிட்டது. நேரத்தை வைத்து ஈரத்தைக் கட்டுப்படுத்த முடியாது, அளந்துதான் ஆக வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

அப்புறம் செய்ததுதான் இப்போதும் ஓடுகிறது. அர்டுயினோ நானோ என்ற, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு, ஈரப்பதம் அளக்கும் டிஎச்டி22 சென்சார், 5 வோல்ட்டில் இயங்கும் சின்ன மிஸ்ட் டிஸ்க், அதை இயக்கும் டிரைவர் போர்டு, அந்த போர்டுக்குக் கரன்ட்டை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்சாக ஒரு ரிலே. டிஸ்க் நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து, நடுவிலுள்ள நுண்துளைகள் வழியாகத் தண்ணீரைப் புகைபோலத் தள்ளுகிறது. போர்டை வாங்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: கரன்ட் வந்ததும் தானாக ஓடுமா, பட்டனை அழுத்தினால்தான் ஓடுமா? பட்டன் வகையாக இருந்தால், சப்ளையை நாம் ஆன் செய்தாலும் அது சும்மாவே கிடக்கும்.

72 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆன், 84-ஐத் தொட்டால் ஆஃப். நடுவில் இந்த இடைவெளி இல்லாவிட்டால் நிமிடத்துக்குப் பத்து தடவை ஆன் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும். மிஸ்ட் விட்டதும் சென்சார் உடனே காட்டாது. காற்று கலக்க நேரம் வேண்டும். அதனால் முப்பது நொடி மிஸ்ட், பிறகு மூன்று நிமிடம் காத்திருப்பு என்று புரோகிராமில் எழுதினேன்.

எட்டாவது மாதத்தில் ரிலே ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொண்டது. நாங்கள் ஊருக்குப் போயிருந்த இரவு அது. விடிய விடிய மிஸ்ட் போய், பாசி மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. ஒரு பெரணி வேர் அழுகிப் போனது. மூன்று வருடம் வளர்த்த செடி, மனசு கேட்கவில்லை. ரிலேவை எடுத்துவிட்டு ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் போட்டேன்; இதுவும் ஒரு சுவிட்ச்தான், அதன் 'கேட்' காலில் வோல்ட் கொடுத்தால் ஆன் ஆகும். பெயரில் அந்த 'எல்' முக்கியம். ஐஆர்எஃப்இசட்44என் என்று கடையில் சுலபமாகக் கிடைப்பது கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுசாகத் திறக்கும். நானோ கொடுப்பது 5 வோல்ட். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டரும் வையுங்கள், நானோ ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் டிஸ்க் ஆஃப் ஆகவே இருக்கும்.

ஆனால் மாஸ்ஃபெட் கெட்டாலும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அப்போதும் மிஸ்ட் நிற்காது. யோசித்துப் பார்த்துத் தண்ணீர் டப்பாவையே சின்னதாக்கினேன். 200 மில்லி. என்ன கெட்டாலும் ஓர் இரவில் அவ்வளவு தண்ணீர்தான் உள்ளே போகும், செடிகள் அதைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் தீர்ந்த பிறகும் டிஸ்க் ஓடினால் கருகிவிடும் என்பதால் டப்பாவில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் இருக்கிறது. இந்த சர்க்யூட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்தச் சின்ன டப்பாதான்.

இனி சென்சார். ஒரு வருடம் கழிந்ததும் டிஎச்டி22 எந்நேரமும் 90-க்கு மேலேயே காட்ட ஆரம்பித்தது. செடிகளோ வாடிக்கொண்டிருந்தன. சோதிக்க வழி ரொம்ப எளிது. ஒரு மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு தண்ணீர் விட்டு, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். என்னுடையது 93 காட்டியது. அதைத் தூக்கிவிட்டு எஸ்எச்டி31 போட்டேன். அதற்குள் ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. மேலே துளி படிந்தால் சூடாக்கி உலர்த்தலாம். மிஸ்ட் நேராகப் படாதபடி எதிர்மூலையில், மேலே ஒரு பிளாஸ்டிக் குடை வைத்து மாட்டியிருக்கிறேன். சால்டர் செய்த இடங்களில் ஈரம் படாமலிருக்க இரண்டு கோட் நெயில் பாலிஷ். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை உப்புச் சோதனை செய்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது 76.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். எங்கள் போர் தண்ணீரை ஊற்றியபோது மூன்றே வாரத்தில் டிஸ்க்கின் துளைகள் அடைத்து, இலை முழுக்க வெள்ளைப் பொடி படிந்தது. இந்த டிஸ்க் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதில்லை, துளியாகவே வீசுகிறது. அதில் கரைந்த உப்பும் கூடவே வந்துவிடும். இப்போது டிஸ்டில்டு வாட்டர், மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர். டிஸ்க்கை மாதம் ஒருமுறை வினிகரில் கால் மணி நேரம் ஊறவைப்பேன். இதுவரை மாற்றியது இரண்டு டிஸ்க்.

சென்சார் மாற்றிய செலவையும் சேர்த்து மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. போன தை மாதம் நகை ஆர்க்கிட் முதல் தடவையாகப் பூத்தண்டு விட்டது. பதினோரு வெள்ளைப் பூ.