கூலன்ட் கோளாறு: பிரஷர் டெஸ்டரா, ஸ்கேனரா?

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அடிக்கடி குறைகிறதா? காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை ஓரமாக வையுங்கள். ஒழுகும் இடத்தை அது காட்டாது. இன்ஜின் நன்றாக ஆறியபின் காற்றழுத்தம் ஏற்றி ஒழுகலைக் கண்டறியும் பிரஷர் டெஸ்டரை மாட்டி, கூலன்ட் மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை (பெரும்பாலும் 1 பார் அளவில்) பம்ப் அடித்து, கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் ஹீட்டர் கோர் (காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர்) அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) மேல்தான் சந்தேகம். முன்சீட்டுக் கால்மிதியைத் தொட்டுப் பாருங்கள், ஹீட்டர் கோர் ஒழுகினால் பிசுபிசுக்கும்.

அளவு குறையாமல் சூடு மட்டும் ஏறினால் ஸ்கேனர். அதைக் கொண்டு ரேடியேட்டர் ஃபேனை இயக்கிப் பார்க்கலாம், உண்மையான வெப்பநிலையைப் படிக்கலாம். டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் சூடு கூடினாலும் கொஞ்ச நேரம் நடுவிலேயே நிற்கும். இன்ஜின் சூடேறவே தாமதமாகி ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்தால், கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம்.

ஒன்றுதான் வாங்க முடியுமா? டெஸ்டரையே வாங்குங்கள்.