புது கம்ப்யூட்டர், பழைய கேரக்டர்: எந்த உலகத்துக்குத் திரும்புவது?

கம்ப்யூட்டரைப் புதுப்பித்த அன்று ராத்திரி பலரும் புது கேம் போடுவதில்லை. விட்டுப்போன பழைய ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டே பலரோடு ஆடும் கேம்) ஒன்றைத்தான் இறக்குவார்கள். அன்றைக்குத் திக்கித் திணறி ஓடியது இன்றைக்கு எப்படி ஓடும் என்று பார்க்கிற ஆசைதான். நானும் அப்படித்தான், வெவ்வேறு வருடங்களில் கைவிட்ட மூன்றை ஒரே வாரத்தில் இறக்கினேன்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேண்டசி 14, கில்ட் வார்ஸ் 2. மூன்றுமே பத்து வயதைத் தாண்டியவை. ஆனால் திரும்பி வருகிறவனை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது.

முதலில் கம்ப்யூட்டர் கதையை முடித்துவிடலாம். இந்த வகை கேம்களில் சுமை கிராஃபிக்ஸ் கார்டைவிடப் பிராசஸர் மேல்தான் அதிகம் விழும். ஒரு மைதானத்தில் ஐம்பது பேர் நின்றால், யார் எங்கே நகர்கிறார், எந்த மந்திரத்தை ஏவுகிறார், என்ன உடை போட்டிருக்கிறார் என்று அத்தனையையும் பிராசஸர் கணக்குப் போட்ட பிறகுதான் கார்டு வரையவே ஆரம்பிக்கும். அந்த வேலையில் பெரும்பகுதி பிராசஸரின் பல கோர்களில் (தனித்தனிக் கணக்குப் பிரிவுகளில்) ஒன்றிரண்டிலேயே நடக்கிறது. அதனால் கார்டை மட்டும் மாற்றியவருக்குக் காடும் மலையும் வழுக்கிக்கொண்டு ஓடும், கூட்டம் கூடிய இடத்தில் பழையபடி முட்டும். 2022-இல் வந்த ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி பிராசஸர் இந்த கேம்களை ஆடுகிறவர்களிடம் அவ்வளவு பேர் வாங்கியது 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருந்ததால்தான். அடிக்கடி தேவைப்படும் தகவல் பக்கத்திலேயே இருந்தால் இந்த கேம்கள் மூச்சுவிடும். எதை மாற்றினாலும் மாறாதது பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) ஒன்றுதான். சர்வர் இருக்கும் தூரம் அப்படியேதான் இருக்கும்.

புதுப்பித்த கம்ப்யூட்டருக்கு அதிக மரியாதை தருவது ஃபைனல் ஃபேண்டசி 14. 2010-இல் வந்து தோற்று, இழுத்து மூடப்பட்டு, 2013-இல் மறுபிறவி எடுத்த கேம் இது. 2024 ஜூலையில் வந்த டான்ட்ரெயில் எக்ஸ்பான்ஷனோடு (கேமோடு சேரும் புதுப் பெரிய பாகம்) உடைகள், முகங்கள், வெளிச்சம், நிழல் எல்லாம் மெருகேறின. கூடவே கேட்கும் ஹார்டுவேரும் ஏறியது, 140 ஜிபி இடம் வேண்டும் என்கிறார்கள். இங்கே நல்ல கார்டு போட்டதற்குக் கண்முன்னே பலன் தெரிகிறது. டான்ட்ரெயிலுக்கென்று கம்ப்யூட்டரின் வேகத்தைச் சோதிக்கும் இலவச பெஞ்ச்மார்க் ஒன்றும் உண்டு, சந்தா கட்டுமுன் அதை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

வார்கிராஃப்டில் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரியாது. அதன் ஓவிய பாணியே கார்ட்டூன் சாயல், பழைய கார்டிலும் அழகாகத்தான் இருந்தது. 2020-இல் ரே டிரேசிங் (ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) நிழல்களைச் சேர்த்தார்கள். போட்டுப் பார்த்தேன், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) இறங்கியது தெரிந்தது, நிழல் மாறியதைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அணைத்துவிட்டேன். உண்மையான லாபம் எஸ்எஸ்டியில்தான். ஊர்விட்டு ஊர் போகும்போது லோடிங் திரையில் வரும் குறிப்பைப் படித்து முடிக்கக்கூட நேரமில்லை.

கில்ட் வார்ஸ் 2-இல் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2012-இல் டைரக்ட்எக்ஸ் 9-ஐ (கேமுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பாலமாக இருக்கும் விண்டோஸ் மென்பொருள்) நம்பி வந்த கேம் அது. 2021-இல் டைரக்ட்எக்ஸ் 11-ஐச் சோதனையாகக் கொடுத்து, பிறகு அதையே நிரந்தரமாக்கினார்கள். அதற்கு முன் விட்டுப்போனவர் இன்று திரும்பி வந்து "ஆஹா, என் புது கம்ப்யூட்டர்!" என்று பூரித்தால், அதில் கொஞ்சம் புகழ் கேமுக்கும் சேர வேண்டும். ஆனாலும் டெக்வாட்டல் என்ற டிராகன் மாதிரி பெரிய பாஸைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும்போது எந்தப் பிராசஸரும் வியர்க்கும். அப்போது நிழலில் கைவைக்காதீர்கள். எத்தனை கேரக்டர்களை, எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்று செட்டிங்ஸில் இரண்டு வரி இருக்கும். அவற்றைக் குறைத்தால் போதும்.

சரி, படம் ஓடுகிறது. நீங்கள் விட்டுப்போன ஆள் அங்கே இருக்கிறாரா? எனக்கு எஃப்பிஎஸ்ஸைவிட இந்தக் கேள்விதான் பெரிது.

இதில் கில்ட் வார்ஸ் 2-ஐ மற்ற இரண்டும் நெருங்க முடியாது. வெளிவந்த நாளில் உச்ச லெவல் 80, இன்றும் 80. அசெண்டட் கியர் (உச்ச ரக ஆயுதமும் கவசமும்) 2012 நவம்பரில் வந்தது, புள்ளிக்கணக்கில் அதற்கு மேல் இன்னும் எதுவும் வரவில்லை. பல வருடம் முன்பு ராத்திரி கண்விழித்துச் செய்த கவசம் இன்றும் செல்லும். திறன்களின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸ் பேட்ச்சுகளால் எந்த பில்ட் (திறன், கியர் சேர்க்கை) நல்லது என்பது மாறியிருக்கலாம், அவ்வளவுதான். மாதச் சந்தாவும் இல்லை, பத்து நாள் ஆடிவிட்டு ஒரு மாதம் காணாமல் போனாலும் பாக்கெட்டில் ஓட்டை விழாது. 2017-இல் பாத் ஆஃப் ஃபயர் எக்ஸ்பான்ஷனோடு வந்த மவுன்ட்கள் (ஏறிப்போகும் விலங்குகள்) இல்லாவிட்டால் மட்டும் கொஞ்சம் ஏக்கமாக இருக்கும். மற்றவர்கள் எல்லாம் தாவிக்கொண்டு போக, நாம் பின்னால் நடந்து போவோம். அப்புறம் அந்த இன்வென்டரி, அதாவது கேரக்டரின் சாமான் பை. எதற்காகச் சேர்த்தோம் என்றே நினைவில்லாத இருநூறு சாமான்கள். விற்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் இடமில்லை. என் முதல் மாலை முழுக்க அதிலேயே போனது.

வார்கிராஃப்ட் நேர் எதிர். ஒவ்வொரு சீசனிலும் புது கியர் வரும், பழையது வெறும் அலங்காரம். 2020-இல் லெவல் கணக்கையே சுருக்கினார்கள், 120-இல் நிறுத்திவிட்டுப் போனவர் வந்து பார்த்தால் 50. 2022-இல் டேலன்ட் மரங்களும் (திறன்களைக் கிளைகிளையாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) புதிதாக வந்தன. ஆனால் துரத்திப் பிடிக்கும் பாதை குறுகியது. வெளியுலகச் சின்ன வேலைகளிலேயே, அன்று இருபது பேர் சேர்ந்து உயிரைக் கொடுத்து வாங்கியதைவிட நல்ல கியர் கிடைத்துவிடும். சிலருக்கு அது வரம். எனக்கு அந்த இருபது பேர் ஞாபகம் வந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து ஆட்-ஆன்களை (கேமின் திரையை மாற்றியமைக்கும் துணை நிரல்கள்) காப்பி பண்ணிப் போடுவது வீண்வேலை, பாதி செத்துப் போயிருக்கும். வெறும் இன்டர்ஃபேஸோடு ஒரு வாரம் ஆடிவிட்டு, எது இல்லாமல் முடியவில்லையோ அதை மட்டும் புதிதாக இறக்குங்கள்.

ஃபைனல் ஃபேண்டசியில் சிக்கல் கதை. புது எக்ஸ்பான்ஷனுக்குள் போக மெயின் ஸ்டோரியை வரிசையாக முடிக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்துத் தாண்ட வேண்டும். நடுவில் விட்டவருக்கு யார் நண்பன், யார் துரோகி என்றே குழம்பும். கேமுக்குள் விடுதி அறையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்தால் பார்த்த காட்சிகளைத் திரும்பப் பார்க்கலாம். இது தெரியாமல் யூடியூபில் கதைச் சுருக்கம் தேடுகிறவர்கள் நிறைய. கை மறந்தவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். கதையில் வரும் டஞ்சன்களை (குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடங்கள்) டியூட்டி சப்போர்ட் என்ற வசதியில் கேமின் துணைப்பாத்திரங்களோடே ஆடலாம், சொதப்பினாலும் யாரும் திட்டமாட்டார்கள். ஒரே கேரக்டரில் எல்லா ஜாப்களும் (வீரன், மந்திரவாதி மாதிரி பாத்திர வகைகள்) இருப்பதால், பழைய ஜாப் பிடிபடவில்லை என்றால் வேறொன்றுக்குத் தாவிவிடலாம்.

பணவிஷயத்தில் மட்டும் இது கறார். லெவல் 70 வரை போகும் இலவச ட்ரையல் புதியவர்களுக்குத்தான். ஒருமுறை காசு கட்டிய அக்கவுண்ட் ட்ரையலுக்குத் திரும்ப முடியாது, சந்தாதான். கேமுக்குள் வாங்கி 45 நாள் எட்டிப்பார்க்காமல் விட்ட வீட்டைப் பொதுவாக இடித்துவிடுவார்கள் என்பதால் அந்த ஆசையோடும் போகாதீர்கள். ஹாட்பார் (திரையில் இருக்கும் திறன் பட்டன் வரிசை) அமைப்பெல்லாம் பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கியிருக்கும். அதைக் கழற்றிப் போடுமுன், கேரக்டர் தேர்வுத் திரையிலிருந்து சர்வருக்கு பேக்கப் எடுத்துவிடுங்கள். எந்த கேமானாலும் லாகின் கோட் வரும் ஆப் பழைய போனில் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். புது கம்ப்யூட்டரை அவர்கள் அந்நியனாகத்தான் பார்ப்பார்கள்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் திரும்பி வர எளிதானதுதான், 2016-க்குப் பிறகு எந்த லெவலிலும் எந்த ஊருக்கும் போகலாம். நான் அதில் ஆழமாக ஆடியதில்லை, அதனால் தராசில் வைக்கவில்லை.

நேரம் கொஞ்சமாக இருக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கில்ட் வார்ஸ் 2-க்குப் போகலாம். கதையை நடுவில் விட்டு இன்னும் உறுத்துகிறது என்றால், ஒரு மாதச் சந்தா கட்டி ஃபைனல் ஃபேண்டசி. வார்கிராஃப்டுக்குச் சந்தா கட்டுமுன் பழைய கில்ட் (சேர்ந்து ஆடும் குழு) நண்பர் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள். பதில் வந்தால் கட்டுங்கள்.

எனக்குப் பதில் வந்தது, ஆனால் அவர்கள் எல்லாம் வார்கிராஃப்டின் பழைய வடிவமான கிளாசிக்கில் இருக்கிறார்களாம். அதே சந்தாவில் அதுவும் அடக்கம், 2004-இன் உலகம் கிட்டத்தட்ட அப்படியே. இப்போது புது கம்ப்யூட்டரில் கில்ட் வார்ஸ் ஓடுகிறது. கிளாசிக்கைப் பழைய லேப்டாப்பிலேயே போட்டிருக்கிறேன், அதற்கு அது தாராளம்.