மெண்டோசாவில் உயர மலை ஒயின் சுவைக்கப் போகிறவர்களே, பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்

அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்கு ஒயின் சுவைக்கப் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் யாராக இருந்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடந்த மார்ச்சில் அக்காவும் நானும் அங்கே போயிருந்தோம். 239 டாலர் கட்டி ஏமாந்தோம். அதில் ஒரு பகுதி பிறகு திரும்பி வந்தது. ஆனால் ஒன்பது வருடம் ஆசைப்பட்டுப் போன இடத்தில் ஒரு முழு நாள் பாழாய்ப் போனதை யாரிடம் கேட்டு வாங்குவது?

நான் சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் ஒயின் பரிமாறும் வேலையில் இருக்கிறேன். எங்கள் பட்டியலில் மெண்டோசாவின் குவால்தயாரி மலைப்பகுதியிலிருந்து வரும் மால்பெக் என்ற சிவப்பு ஒயின் ஒன்று உண்டு. ‘கடல் மட்டத்திலிருந்து 1,450 மீட்டர் உயரத்தில் விளைந்தது’ என்று எத்தனையோ மேசைகளில் சொல்லி ஊற்றியிருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும், அந்த இடத்தைப் பார்க்காமலே சொல்கிறோமே என்று மனம் உறுத்தும். அதற்காகவே பணம் சேர்த்தேன்.

மால்பெக் பிரான்சின் தென்மேற்கே காவோர் பகுதியில் வேரூன்றிய திராட்சை. 1853இல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞரின் முயற்சியால் மெண்டோசாவுக்கு வந்தது. வெகுகாலம் அது மெண்டோசா நகரத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த, வெப்பமான நிலங்களிலேயே பயிரானது. 1992இல் நிக்கோலாஸ் கத்தேனா என்ற ஒயின் தயாரிப்பாளர் துப்புங்காத்தோ பக்கம், குவால்தயாரியில், ஏறக்குறைய 1,450 மீட்டரில் கொடிகளை நட்டார். இந்தக் குளிரில் பழம் பழுக்கவே பழுக்காது என்று அவருடைய தோட்டப் பொறுப்பாளரே சொன்னாராம். பழுத்தது, அங்கிருந்து வந்த ஒயின் உலகம் முழுவதும் பேசப்பட்டது.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறைகிறது. 800 மீட்டரிலிருந்து 1,450 மீட்டருக்குப் போனால் கிட்டத்தட்ட 4 டிகிரி வித்தியாசம். இரவு நன்றாகக் குளிர்வதால் பழத்தின் புளிப்பு கரைந்துபோகாமல் நிற்கிறது. வெயிலோ கீழே இருப்பதைவிடக் கடுமை; அதிலுள்ள புற ஊதாக் கதிர்களைத் தாங்கப் பழத்தின் தோல் தடிக்கிறது. நிறமும் துவர்ப்பில் பெரும் பங்கும் அந்தத் தோலிலிருந்தே வருகின்றன. ஆகவே ஒரே ஆண்டில், ஒரே திராட்சையிலிருந்து, வெவ்வேறு உயரங்களில் செய்த ஒயின்களை அடுத்தடுத்து வைத்துக் குடித்தால் மலையை ஏறிப் பார்த்தது போலிருக்கும். அதற்காகத்தான் போனேன்.

நகரத்தின் நடுவிலுள்ள ஒரு ஒயின் கடையில் ‘மூன்று உயரங்கள்’ என்ற பெயரில் சுவைப்பு நடத்துகிறார்கள். 950, 1,200, 1,450 மீட்டர், மூன்றும் மால்பெக், மூன்றும் 2019ஆம் ஆண்டு அறுவடை. சுவைப்புக்கு 95 டாலர், அதே மூன்று ஒயின்களும் அடங்கிய பெட்டிக்கு 144 டாலர். பெட்டியையும் சேர்த்து எடுத்தால்தான் இடம் என்றார்கள். இணையத்திலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். முதல் சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

மேசையில் மூன்று பாட்டில்கள் அழகாக நின்றன. ஆனால் ஊற்றியது அவற்றிலிருந்து அல்ல. திரைக்குப் பின்னாலிருந்து மூன்று கண்ணாடிக் குடுவைகள் வந்தன. காற்றுப் படுவதற்காக முன்பே மாற்றி வைத்துவிட்டோம் என்றார் பரிமாறிய இளைஞர். அது வழக்கம்தான் என்பதால் தலையாட்டினேன். கிண்ணத்தைக் கையில் எடுத்ததுமே கண்ணாடி வெதுவெதுவென்று இருந்தது. சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரிக்குள் கொடுக்க வேண்டும். சூடேறினால் மதுவின் காரம் மூக்கைக் குத்தும், பழ வாசனை வெந்துபோகும். மாற்றித் தரக் கேட்டேன். கோடைக்காலம் இப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது.

இரண்டாவது கிண்ணம் கொஞ்சம் வேறுபட்டது. முதலும் மூன்றாவதும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. மூன்றாவதில் நான் தேடியது நாக்கின் இரண்டு ஓரங்களிலும் எச்சில் ஊறவைக்கும் புளிப்பை. கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஈறில் பிடிக்கும் துவர்ப்பை. இரண்டும் இல்லை. ஜாம் போன்ற கொழகொழப்பான இனிப்பு வாசனை மட்டுமே இருந்தது. முதல் கிண்ணத்தில் இருந்ததும் அதே வாசனைதான். வெள்ளைக் காகிதத்தின் மேல் இரண்டையும் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் தெரிந்த செம்பழுப்பு நிறம்கூட ஒன்றாகவே இருந்தது.

அக்காவுக்குக் குடிப் பழக்கம் கிடையாது. எனக்குத் துணையாக வந்தவள். அவளிடம் சொன்னேன்: ‘அக்கா, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். இந்த இரண்டிலிருந்தும் தண்ணீர்க் கிண்ணங்கள் மூன்றில் ஊற்று. இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மட்டும் மற்றது. அந்த ஒன்றின் அடியில் காசு வை.’ தொழிலில் இருப்பவர்கள் உண்மையாகவே செய்யும் சோதனை இது. ஐந்து முறை செய்தோம். தனித்து நிற்கும் கிண்ணத்தை ஒரே ஒரு முறைதான் சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும். 500 மீட்டர் உயர வித்தியாசம் உள்ள இரண்டு மால்பெக்கை, தினமும் அதையே மோந்து பார்க்கும் நான் பிரித்தறிய முடியாமல் போவது நடக்கிற காரியமா? அக்கா இரண்டையும் மோந்துவிட்டு, ‘எனக்கே ஒன்றாகத்தானே இருக்கிறது’ என்றாள்.

குடுவையில் ஊற்றிய பாட்டில்களைக் காட்டச் சொன்னேன். குப்பைக்குப் போய்விட்டன என்றார்கள். மேசையில் நிற்கும் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தரச் சொன்னேன், அதற்கான விலையைத் தருகிறேன் என்றும் சொன்னேன். அது காட்சிக்கு மட்டும் என்றார் கடைக்காரர். குரலை உயர்த்தாமல், சிரித்துக்கொண்டே, எங்களுக்கு உயர மலை ஒயின் பழக்கமில்லாததால் புரியவில்லை என்றார். என்னைக் கொதிக்க வைத்தது அந்தச் சிரிப்புதான். ஏமாற்றுவது ஒரு குற்றம். ஏமாந்தவளின் நாக்கின் மேல் பழி போடுவது அதைவிடப் பெரிய குற்றம்.

பெட்டியை டேப் ஒட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். விடுதிக்கு வந்து திறந்தோம். மூன்றாவது பாட்டிலில் ‘1,450 மீ’ என்ற பொன்னிற ஸ்டிக்கர் லேபிளைவிடக் கொஞ்சம் உப்பலாக இருந்தது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு வைத்தாள் அக்கா. நகத்தால் ஓரத்தைத் தூக்கியதும் முழுதாகக் கழன்று வந்தது. கீழே அச்சிட்டிருந்த ஊரின் பெயர் மைபூ. அது மெண்டோசா நகரத்தை ஒட்டிய தாழ்நிலம். ஏறக்குறைய 800 மீட்டர். அங்கேயும் நல்ல ஒயின் விளைகிறது, அதை நான் குறை சொல்லவில்லை. மைபூ ஒயினை மைபூ விலைக்கு, மைபூ என்று சொல்லி விற்றிருந்தால் மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன்.

மறுநாள் துப்புங்காத்தோ போனோம். அங்கே ஒரு சிறு தோட்டத்தில், ஆலங்கட்டி மழைக்கு அஞ்சிக் கட்டிய கறுப்பு வலைகளுக்கு அடியில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. தோட்டக்காரரின் விரல் இடுக்குகளெல்லாம் ஊதாக் கறை. ஆலங்கட்டி பட்டு வடுவேறிய ஒரு கொடியைத் தொட்டுக் காட்டினார். பிறகு இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே மாதிரி சிமெண்ட் தொட்டியில் செய்தவை. ஒன்று கீழ் நிலத்தின் பழம், மற்றது மேல் நிலத்தின் பழம். இரண்டு கார்க்குகளையும் எங்கள் எதிரிலேயே உருவி, முகர்ந்து பார்க்கக் கையில் கொடுத்தார். கீழ் நிலத்தது நன்றாகப் பழுத்த நாவல்பழம்: மென்மை, சதைப்பற்று, உடனே பிடித்துப்போகும் சுவை. மேல் நிலத்தது வாய்க்குள் போனதும் நேராக நிமிர்ந்து நின்றது. பூ வாசனை, உப்புக்கல் போன்ற ஒரு கூர்மை, விழுங்கிய பிறகும் வெகுநேரம் ஊறிய புளிப்பு. அக்கா மோந்து பார்த்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டாள். ஆலங்கட்டிக்கும் உறைபனிக்கும் தப்பி இப்படி ஒன்றை விளைவிக்கிற மனிதரின் உழைப்பை, நகரத்தில் ஒருவர் ஒரு ஸ்டிக்கரில் திருடிக்கொள்கிறார் என்று நினைத்தபோது 239 டாலர் எனக்குச் சிறியதாகிவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, பாட்டிலை எங்கள் முன் திறப்பீர்களா? மழுப்பினால் விட்டுவிடுங்கள். பெட்டியோடு சேர்த்து முன்பணம் கேட்கும் இடத்தை இனி நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். குடுவையில் ஊற்றித் தந்தால் காலிப் பாட்டிலையும் கார்க்கையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மீட்டர் எண்ணை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். லேபிளில் உள்ள இடப்பெயரைப் படியுங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற, மெண்டோசாவிலுள்ள பராஹே அல்தாமீரா போன்ற ஊர்ப் பெயரைக் கண்டபடி போட முடியாது. பின் லேபிளில் அர்ஜென்டினா அரசின் தேசியத் திராட்சை ஒயின் நிறுவனத்தின் பதிவு எண் இருக்கும். அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும், கழற்றிய ஸ்டிக்கர், அதன் கீழிருந்த லேபிள், கடை அனுப்பிய விளம்பர மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேர்த்து அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிட்டேன். ஏழு வாரம் கழித்துப் பெட்டிக்கான 144 டாலரைத் திருப்பிப் போட்டார்கள். சுவைப்புக்கான 95 டாலர் வரவில்லை. குடித்துவிட்ட ஒயினுக்கு என்னிடம் சாட்சி இல்லை. அதே மாதிரிப் பொன்னிற ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் திறக்காதீர்கள். முதலில் ஈரத்துணியைப் போட்டு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்.