ரீஃபில் மையா, புது கார்ட்ரிட்ஜா?

சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு பிரிண்டருக்கு ஹெச்பி 680 கார்ட்ரிட்ஜ், அதாவது மை டப்பாதான், பிள்ளைங்க ஸ்கூல் வேலை, தோட்டத்து கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதுலதான், கருப்பு சுமார் 480 பக்கம் கலர் 150 பக்கம்னு கணக்கு, ஆனா பக்கம் முழுக்க சாமி படம் அடிச்சா கலர் அதுக்கு ரொம்ப முன்னாடியே காலி.

புதுசு வாங்குனா தொல்லையே இல்ல, மாட்டுனதும் அடிக்கும். காசுதான் கடிக்குது. அதோட இந்த வகையில மை பீச்சுற ஹெட்டும் கார்ட்ரிட்ஜோட சேர்ந்தே இருக்கு, நல்லா இருக்கிற ஹெட்ட ஒவ்வொரு தடவையும் குப்பையில போட எனக்கு மனசு கேக்கல.

ரீஃபில்னா, அதாவது பழைய கார்ட்ரிட்ஜ்லயே மை ரொப்புறதுக்கு, 100 மில்லி மை பாட்டிலும் ஊசியும் போதும், பல தடவைக்கு வரும். மேல உள்ள ஸ்டிக்கர உரிச்சு, ஓட்டையில ஊசிய எறக்கி மெதுவா விடணும், உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் உறிஞ்சணும்ல. முதல் தடவ நான் அவசரமா அமுக்கிட்டேன், அடியில ஒழுகி மேசைத்துணியெல்லாம் கருப்பு. கலர்ல மூணு ஓட்டை, பல்லுக்குச்சி விட்டு எது எந்த கலர்னு பாத்துட்டு ஊத்துங்க. கருப்புக்கு பிக்மென்ட் மை (நுண்ணிய பொடி கலந்தது), கலருக்கு டை மை (சாயம் கரைஞ்சது), மாத்தி ஊத்துனா ஹெட் அடைச்சுக்கலாம். மை சுத்தமா தீர்ந்த பிறகும் அடிச்சா ஹெட் சூட்டுல கெட்டுடும், அதனால முன்னாடியே ரொப்பிடுங்க.

எங்க வீட்டுல ரீஃபில்தான், போட்டோ அடிக்கணும்னா மட்டும் புதுசு. ரொப்பி ரொப்பி ஒரு கட்டத்துல கோடு கோடா விழும், ஹெட்ட டிஸ்யூல ஒத்தியும் சரியாகலன்னா அப்ப மாத்திடுங்க.