மராய் முற்றமா, நீதிமன்றப் படியா?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் நில வழக்கை எங்கே உட்கார்ந்து பேசுவது? ஒரு பக்கம் மராய்: ஒரு குலத்தின் முற்றமும் அதை ஒட்டிய பெரிய பொது வீடும். மறுபக்கம் 1865 சட்டத்தில் உருப்பெற்ற பூர்வகுடி நில நீதிமன்றம்.

நீதிமன்றம் பெரும்பாலும் நகரங்களில் கூடியது. வழக்குக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் அங்கேயே காத்துக்கிடந்தார்கள். வராதவருக்குப் பங்கு போய்விடும். வந்தவருக்கோ நில அளவைக் கட்டணம், கடைக்கடன். எந்த நிலத்துக்காக வந்தார்களோ அதையே விற்றுக் கடனடைத்தவர்கள் ஏராளம். போதாக்குறைக்கு, ஒரு குலமே ஆண்ட நிலத்துக்குப் பத்து பேருக்கு மேல் பெயர் சேர்க்காமல் பட்டா கொடுத்தார்கள். ஒரு நன்மை உண்டு: எல்லாம் எழுத்தில் பதிவானது. அந்தக் குறிப்பேடுகளில் இன்றும் வம்சாவளி தேடுகிறார்கள்.

மாவோரிகளோடு செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்தை அரசு மீறியது என்ற புகார்களை விசாரிக்க 1975இல் அமைந்த வைத்தாங்கி தீர்ப்பாயமும் முதலில் தடுமாறியது. 1977இல் அதன் முதல் விசாரணை ஆக்லாந்தில் ஒரு ஹோட்டலின் நடன அரங்கில்! கடலில் மீன் பிடிக்கும் உரிமையைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும்? பிறகு மாவோரி நீதிபதி எடி டூரி தலைவரானதும் நிலைமை மாறியது. 1982இல், மீன்பிடிப் பாறைத்திட்டுகள் கழிவுநீரால் மாசுபடுவதை எதிர்த்த மோத்துனுயி வழக்கை வைத்தாரா ஊரின் மராயிலேயே கேட்டார்கள்.

அங்கே நீதிபதியானாலும் வாசலில் நிற்க வேண்டும். உள்ளிருந்து ஒரு பெண்ணின் அழைப்புக் குரல் எழுந்த பிறகே நடக்கலாம். மூக்கோடு மூக்கு ஒற்றி வணக்கம். வீட்டுக்குள் போனால் செருப்பு வெளியே. அந்த வீடே ஒரு மூதாதையின் உடல்: முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள். முன்னோர் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் நிலத்தைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கு நா எழும்? பாட்டும் பரம்பரைக் கதையும் அங்கே சாட்சியம்.

அரசுக்கு எதிரான வழக்கென்றால் என் ஓட்டு மராய்க்கே. ஆனால் இரண்டு குலங்கள் ஒரே நிலத்தைக் கேட்டால் சிக்கல்: யார் வீட்டில் கூடுவது? விருந்தாளியாகப் போன தரப்பு எப்படி வாய்விட்டு வாதாடும்? பல குலங்களில் வரவேற்பு உரை ஆண்கள் மட்டுமே ஆற்றுவது. அதை அப்படியே விசாரணைக்கும் நீட்டினால் பாட்டிகளின் சாட்சியம் போய்விடும். மராய் வழக்கங்களில் தனக்குப் பொருத்தமானதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயத்தின் சட்டம் இடம் விட்டிருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது.