பழைய மைக்: டைனமிக்கா, கண்டென்சரா?

சென்னையில் தெருவோர வீட்டில் குரல் பதிவதானால், செகண்ட்ஹேண்டில் டைனமிக் மைக்தான் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு ஒலியைப் பிடிப்பது) என் தேர்வு. கண்டென்சர் (மின்னூட்டம் உள்ள மெல்லிய தகட்டால் ஒலியைப் பிடிப்பது) நுணுக்கமானது, ஆனால் மின்விசிறி, ஹாரன், சுவரின் எதிரொலி எல்லாமே கூடவே பதிவாகும். பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவரும் (மைக் கேபிள் வழியாகவே தரும் மின்சாரம்) வேண்டும். ஈரப்பதம் கேப்ஸ்யூலில் (ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி) ஏறினால் ஒலி படபடவென்று பொரியும். அதனால் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வாங்கும் முன் யாரும் பேசாமல் அந்தப் பொரிச்சல் வருகிறதா என்று ஐந்து நிமிடம் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

ஷ்யூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக்குக்கு ஈரத் தொல்லை குறைவு. நான்கு விரல் தள்ளிப் பாடலாம். ஆனால் மெல்லிய குரலுக்கு 60 டெசிபல் வரை கெயின் (ஒலிப் பெருக்கம்) தேவைப்படும். அவ்வளவு ஏற்றினால் மலிவான இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இரைச்சல் கூடும். போலிகளும் நிறைய: அசலின் எடை 298 கிராம், தராசில் வைத்துப் பாருங்கள்.

வீணையோ அக்கூஸ்டிக் கிட்டாரோ என்றால் கண்டென்சரே. தெரு அடங்கியபின் பதியுங்கள்.